பின்னால் திருப்புகிறவள்

முன்னால் இழுப்பவன் எலியாசர்.
எழுபது மீட்டர் தள்ளி, தகரக் கூண்டுக்குள்ளிருந்து
வால் சக்கரங்களைத் திருப்புகிறவள் நான்.
நடுவே இருநூற்றுப் பன்னிரண்டு டன்,
சாம்பல் நிறம்,
வாய் திறக்காத ஒரு மின்மாற்றி.

மெஹியோனெஸ் துறைமுகம் விட்டு ஒன்பது நாள்.
பாலைவனத்து நாயொன்று எங்களை முந்திப் போய்
எதையோ முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்து
இன்னும் இங்கேதானா என்று பார்க்கிறது.
கம்பிகளை உயர்த்திப் பிடிக்கக் கழியோடு இருவர்.
பெயர்ப்பலகைகளைப் பிடுங்கி
நாங்கள் கடந்தபின் மறுபடி நட ஒரு லாரி.
(ஒன்றைத் திருப்பி நட்டுவிட்டார்கள்.
கலாமா இப்போது கடல் பக்கம் இருக்கிறது.)

சுமையின் விலாவில் சிறு பெட்டி.
குழி, உலுக்கல், அவசர பிரேக்
எல்லாவற்றையும் மணி நிமிடத்தோடு எழுதிக்கொள்ளும்.
போய்ச் சேர்ந்ததும் பொறியாளர்கள் அதைத்தான் கேட்பார்கள்,
சாப்பிட்டாயா என்றல்ல.

எண்பத்து நான்காம் கிலோமீட்டர் வளைவு.
அளந்தோம். மறுபடி அளந்தோம்.
வால் விசிறும் இடத்தில் ஒரு வீடு நிற்கிறது:
முழங்கால் உயரம், நீலக் கூரை,
லாரி நம்பர் பலகை, பிளாஸ்டிக் பூ,
வெயில் தின்ற கால்பந்துச் சட்டை,
வழிப்போக்கர்கள் வைத்துப்போன தண்ணீர் பாட்டில்கள்.
சுவரில் எவரிஸ்டோ என்று பெயர்.
உடல் வேறெங்கோ இருக்கும்.
உயிர் பிரிந்த இடத்தில் வீடு கட்டுவது எங்கள் வழக்கம்.

அனுமதிச் சீட்டில் பாலங்கள் இருந்தன, கம்பங்கள் இருந்தன.
இது இல்லை.
கிரேனைக் கொண்டுவா என்றார் மேற்பார்வையாளர்.
எலியாசர் எஞ்சினை அணைத்துவிட்டு
சுமையின் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டான்.
கூரைக்கு அடியில் தூரிகையால் ஒரு போன் நம்பர்.
நான்தான் அழைத்தேன்.

மறுநாள் உச்சிவெயிலில் மினிபஸ்ஸிலிருந்து இறங்கினாள் நோல்ஃபா,
ஒரு கையில் மடக்கு நாற்காலி, மறு கையில் துடைப்பம்.
எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
வாசலைப் பெருக்கினாள்.
பிறகு வந்து, விரல் மடக்கி
மின்மாற்றியைத் தட்டிப் பார்த்தாள், கதவைப் போல.

எவ்வளவு கனம்?
சொன்னேன்.
இருபத்தெட்டு டன் ஏற்றுவான். அதற்கே ஊரெல்லாம் பீற்றுவான்.
உள்ளே என்ன?
இரும்பு. காகிதம் சுற்றிய செம்பு.
எண்ணெய் அங்கே போய்த்தான் ஊற்றுவார்கள், இப்போது வெறும் காற்று.
செம்பா?
அவன் செம்புத் தகடுதான் கீழே கொண்டுபோய்க் கப்பலேற்றினான்.
நீங்கள் அதைச் சுருட்டி மேலே கொண்டுவருகிறீர்கள்.
நல்ல பிழைப்பு.

சிரித்தாளா, தெரியவில்லை.
அந்த வெயிலில் எல்லோர் முகமும் அப்படித்தான் சுருங்கும்.

கிரேன் வேண்டாம் என்றாள். கையால் தூக்குங்கள்.
தூக்கத்தில் போனவன். உலுக்காதீர்கள்.

ஆறு பேர் தூக்கினார்கள்.
எலியாசர் பின்பக்கமாக நடந்தான், செருப்பைக் கழற்றிவிட்டு,
அந்தக் கொதிக்கும் தாரில்.
பாட்டில்களை நான் சுமந்தேன், இரண்டிரண்டாக.
ஒன்றில் பாசி பிடித்திருந்தது, அதையும்.
நான்கு மீட்டர்.

பிறகு எங்கள் முறை.
ரேடியோவில் எலியாசர்: இன்னும். இன்னும். யஸ்னா, மெதுவாக. இன்னும்.
என் கடைசிச் சக்கரம்
வீடு இருந்த சிமெண்ட் தடத்தின் மேல் ஏறி இறங்கியது.
மூச்சை எங்கே விட்டேன் என்று நினைவில்லை.

துணைமின் நிலையத்தில் பெட்டியைத் திறந்தார்கள்.
எண்பத்து நான்காம் கிலோமீட்டரில் கோடு
தண்ணீர் போல் கிடந்தது.
வண்டி அப்போது நின்றிருந்ததா என்று கேட்டார் ஒருவர்.
ஓடிக்கொண்டிருந்தது, என்றேன்.
சந்தேகத்தோடு எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது வெறும் வண்டி, காற்றுப் போல் வந்தோம்.
வளைவில் எலியாசர் இருமுறை ஹாரன் அடித்தான்.
நீல வீடு புது இடத்தில், கதவு சாலையைப் பார்த்து.
மடக்கு நாற்காலி மட்டும்
பழைய தடத்தின் மேல் விரித்தபடி இருந்தது.